கரண்ட் இங்கே போனால் வேலை அங்கே ஏன் சாக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் நான் முதலில் பார்ப்பது தலையங்கமும் இல்லை, ராசிபலனும் இல்லை, 'நாளைய மின்தடை' பகுதிதான். சத்துவாச்சாரி, ரங்காபுரம், அலமேலுமங்காபுரம் என்று எங்கள் பக்கத்துப் பெயர்கள் அதில் வந்துவிட்டால் முந்தின நாளே மாவு அரைத்தாக வேண்டும், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியாக வேண்டும், எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு வேலை உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவர்களுக்காக ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். இன்வெர்ட்டர் வாங்குங்கள், இரண்டு கம்பெனி நெட் வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும் என்று. தப்பான யோசனை ஒன்றும் இல்லை. இதெல்லாம் செய்து பார்த்தவன் நான். வேலூர் வெயிலில் இன்வெர்ட்டர் இல்லாமல் அக்னி நட்சத்திரத்தைத் தாண்ட முடியாது, அது வேறு விஷயம். ஆனால் நெட்டுக்கு இன்வெர்ட்டரை நம்பினால் என்ன ஆகும் தெரியுமா, நம் வீட்டில் ஃபேன் ஓடும், ரவுட்டரில் விளக்கு எரியும், தெருமுனையில் கம்பத்தில் தொங்குகிற பெட்டிக்குக் கரண்ட் இருக்காது, நெட் வராது. காசு கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டர் ரவுட்டர் விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கும், நாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தப் பக்கத்தில் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. பெரும்பாலும் சர்வரிலேயே (நாம் தொலைவிலிருந்து வேலை பார்க்கிற கணினி) இருக்கும், இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம். தொலைவில் இருக்கிற சர்வரில் வேலை பார்க்கிறவர்கள், அந்த வேலையின் பிடியைத் தங்கள் வீட்டு லேப்டாப்பில் வைத்துக்கொள்ளாமல் அந்தச் சர்வரிலேயே விட்டுவைக்கிற ஏற்பாடு. அதைச் செய்கிற மென்பொருளை டிமக்ஸ் என்பார்கள், அதற்கு மூத்தது ஸ்கிரீன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தொண்ணூறுகளில் ஆரணி ரோட்டில் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். பிறகு அதே கடை பிரவுசிங் சென்டர் ஆனது, அதற்கும் ஆயுள் முடிந்த பிறகு, இப்போது ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துச் சின்ன வியாபாரிகள் சிலருடைய பில்லிங் சர்வர்களையும் வெப்சைட்டுகளையும் வீட்டில் இருந்தபடி கவனித்துக்கொள்கிறேன். சர்வர்கள் இருப்பது மும்பையில், வாடகைக்கு. நான் இருப்பது சத்துவாச்சாரியில். நடுவில் எஸ்எஸ்எச் என்கிற ஒரு நூல். 1995-ல் பின்லாந்தில், பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள் என்று டாட்டு யூலோனென் என்பவர் எழுதிய மென்பொருள் அது. நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் பூட்டுப்போட்டுப் போகிறது, வழியில் யாரும் படிக்க முடியாது, அந்த விஷயத்தில் கெட்டி. நூல் அறுந்தால் என்ன ஆகும் என்பது அதன் கவலை இல்லை.

அறுந்தால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள எஸ்டிடி பூத் அனுபவம் போதும். அந்தக் காலத்துப் பெரிய கணினிகளில் தொலைவில் இருக்கிற ஆட்கள் டெலிபோன் லைன் வழியாகத்தான் நுழைவார்கள். ஒருத்தர் ரிசீவரை வைத்துவிட்டால், 'ஆள் போய்விட்டார், இனிமேல் அவர் பெயரில் எதுவும் ஓடக் கூடாது' என்று கணினி முடிவு செய்து அவர் தொடங்கிய வேலைகளுக்கெல்லாம் ஒரு தகவல் அனுப்பும். அதன் பெயர் சிக்ஹப். ஹப் என்றால் ஹேங்கப், போனை வைப்பது. சர்வர்களை இயக்குகிற யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் அதன் எண் 1. அந்தத் தகவல் வந்தால் செத்துப்போ என்பதுதான் வழக்கமான விதி. மோடம் போய், டயல்அப் போய், ஃபைபர் வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்த விதி அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டு வயரில் எலி கடித்தாலும் மும்பையில் இருக்கிற கணினிக்கு நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

2021-ல் நான் பட்டதைச் சொல்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்குப் பில்லிங் டேட்டாபேஸை மாற்ற வேண்டும், கடை சாத்திய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். பழைய கணக்கை ஒரே ஃபைலாக எடுத்து புதியதில் ஊற்றுகிற வேலை. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுகிற ஒரு சின்ன நிரலையும் சேர்த்து விட்டிருந்தேன், அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு சுகம். 9.40-க்கு கரண்ட் போய்விட்டது. நெட்டும் போய்விட்டது. அவசரமாகப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, மறுபடியும் சர்வரில் நுழைந்து பார்த்தால், ஆச்சரியம், வேலை ஓடிக்கொண்டிருக்கிறது! 'தப்பிச்சோம்' என்று வீட்டில் சொல்லிவிட்டு சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் வேலையைக் காணோம்.

பேய் ஏதும் இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாம் ஒழுங்காக லாகவுட் செய்தால் அந்தப் பக்கத்துக்கு உடனே தெரியும். கரண்ட் போனால் தெரியாது. பூத்தில் சில நேரம் எதிர்முனையில் லைன் அறுந்திருக்கும், இங்கே இருக்கிறவர் அது தெரியாமல் 'ஹலோ, கேக்குதா, ஹலோ' என்று கத்திக்கொண்டே இருப்பார், மீட்டர் ஓடும். சர்வரும் அப்படித்தான். சதவீத எண்ணை எனக்கு அனுப்பப் பார்க்கிறது, பதில் இல்லை, மறுபடி அனுப்புகிறது, இடைவெளியை நீட்டி நீட்டி அனுப்புகிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸில் வழக்கமான அமைப்பு என்றால் 15 முறை. அதற்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குப் பிறகுதான் 'ஆள் இல்லை' என்று முடிவு கட்டி ரிசீவரை வைக்கிறது, சிக்ஹப் போகிறது, வேலை சாகிறது. நான் ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து பார்த்தது அந்தக் கால் மணி நேரத்துக்குள். சதவீதம் காட்டாமல் ஊமையாக ஓடவிட்டிருந்தால் அனுப்புவதற்கு ஒன்றும் இருந்திருக்காது, சும்மா இருக்கிற கனெக்‌ஷனை லினக்ஸ் தானாகத் தட்டிப் பார்ப்பதற்கே வழக்கமாக 2 மணி நேரம் ஆகும், சர்வர் வைத்தவர் வேறு மாதிரி அமைக்காமல் இருந்தால் வேலை அதுவரை சாகாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எண் ஏறுவதைப் பார்க்க ஆசைப்பட்டதுதான் என் வேலையைக் கொன்றது.

பாதி டேபிள்கள் வந்திருந்தன, மீதி இல்லை. எந்த இடத்தில் நின்றது என்று தேடுவதைவிட எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஊற்றுவது நல்லது என்று பத்தரைக்கு மறுபடி தொடங்கி, அந்தத் தடவை டிமக்ஸுக்குள், ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். காலையில் கடை திறந்து முதல் பில் போடும்வரை தூக்கம் வரவில்லை. கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

டிமக்ஸ் அப்போது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நன்றாகவே தெரியும். 'பத்து நிமிஷ வேலைதானே, இதுக்குப் போயி எதுக்கு' என்று விட்டதுதான். இந்தப் பத்து நிமிஷ வேலைகள்தான் எல்லோரையும் கவிழ்க்கின்றன. நாலு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால் எவனும் கவனமாகத்தான் இருப்பான்.

சரி, அது என்ன செய்கிறது? நீங்கள் சர்வரில் நுழைந்து டிமக்ஸைத் தொடங்கினால், அந்தச் சர்வரிலேயே பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைகளுக்கு டெர்மினல், அதாவது கட்டளை தட்டிப் பதில் பார்க்கிற திரை, கொடுப்பது அவர். உங்கள் லேப்டாப்பில் தெரிகிற திரை அந்த டெர்மினலை எட்டிப் பார்க்கிற ஜன்னல் மட்டும்தான். நூல் அறுந்தால் ஜன்னல் மூடும். உள்ளே இருக்கிற ஆள் எழுந்து போக மாட்டார், ரிசீவர் அவர் கையில் இருக்கிறது, அவர் வைக்கவில்லை, அதனால் சிக்ஹப் உங்கள் வேலைவரை போகாது. நீங்கள் நாளைக்குக் காலையில் வேறு கணினியிலிருந்து வந்தாலும் அதே திரை, விட்ட இடத்தில், அரைகுறையாகத் தட்டிய வார்த்தைகூட அப்படியே இருக்கும். வேண்டுமென்றே விலகிப் போவதை டிடாச் என்றும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்வதை அட்டாச் என்றும் சொல்வார்கள்.

எங்கள் ஊரை ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று கேலி பேசுவார்கள் இல்லையா. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் காலியாக இருக்க, லிங்கம் ரொம்ப காலம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-ல்தான் திரும்பப் போனது. கல்யாண மண்டபம், தூண், யாளி எல்லாம் அது அது இருந்த இடத்திலேயே இருந்தன, சாமி வந்தார், பூஜை தொடங்கியது. ஆரணியில் இருக்கிற என் அக்கா மகனுக்கு டிடாச், அட்டாச் என்றால் என்ன என்று இதை வைத்துத்தான் சொன்னேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்காவுக்குத்தான் கோபம், "சாமிய வெச்சாடா உதாரணம் சொல்லுவ?" என்று.

நாளிதழில் கட்டளை அச்சடித்தால் யாரும் பார்த்துத் தட்டப்போவதில்லை, வாயால் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறேன். டிமக்ஸ் நியூ என்று தொடங்குவது, ஒரு பெயரும் வைப்பது. நான் கடை இருக்கிற ஊரின் பெயரை வைக்கிறேன், ஆம்பூர், குடியாத்தம் என்று. உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டு கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி, கையை எடுத்துவிட்டு, டி. அவ்வளவுதான், வெளியே வந்தாகிவிட்டது. திரும்ப வந்ததும் டிமக்ஸ் எல்எஸ் என்றால் எத்தனை செஷன் (இப்படித் திறந்துவைத்த திரை) இருக்கிறது என்று பட்டியல் வரும், டிமக்ஸ் அட்டாச் என்று பெயரைச் சொன்னால் உள்ளே போகலாம். இந்த நாலையும் கற்றுக்கொள்ள ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். இதற்கு மேலே திரையை இரண்டாகப் பிரிப்பது, கலர் மாற்றுவது, கீழே பட்டையில் மணி காட்டுவது என்று ஆயிரம் இருக்கிறது. சின்னப் பையன்கள் அதில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வேலையைத் தொடங்குவதே இல்லை.

ஸ்கிரீன் நல்லதா டிமக்ஸ் நல்லதா என்று கேட்பார்கள். ஸ்கிரீன் 1987-ல் பெர்லினில் ஆலிவர் லாவ்மன், கார்ஸ்டன் போர்மன் என்ற இருவர் எழுதியது. டிமக்ஸ் 2007-ல் நிக்கோலஸ் மாரியட் தொடங்கியது, 2009-ல் ஓபன்பிஎஸ்டி என்கிற இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. லினக்ஸ் வெளியிடுகிற ரெட் ஹாட் கம்பெனி தன்னுடைய 8-ஆவது பதிப்பிலிருந்து ஸ்கிரீனை எடுத்துவிட்டு டிமக்ஸைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. பழைய சர்வர் என்றால் ஸ்கிரீன், புதியது என்றால் டிமக்ஸ், எது இருக்கிறதோ அது. என் தனிப்பட்ட குறை ஒன்றுதான், ஸ்கிரீன் கண்ட்ரோல் ஏ-வை எடுத்துக்கொள்கிறது, வரியின் தொடக்கத்துக்குப் போக முப்பது வருடமாக அந்தச் சாவியைத் தட்டிப் பழகிய விரலை என்ன செய்வது?

சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாதே என்று வேலைக்குச் சொல்கிற நோஹப் கட்டளையைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேலை சாகாது, உண்மைதான். ஆனால் நடுவில் அது 'ஆமா, இல்லை?' என்று ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வழி இல்லை, பேசியதெல்லாம் ஒரு ஃபைலில் விழுந்துகொண்டிருக்கும், அதைப் படிக்கலாம், அவ்வளவுதான். ஒருவேளை டிமக்ஸ் இல்லாமல் தொடங்கிவிட்டீர்கள், நெட் இன்னும் இருக்கிறது, ஆனால் கரண்ட் போகப்போகிறது என்று தெரிகிறது என்றால், கண்ட்ரோல் இசட் அழுத்தி நிறுத்தி, பிஜி என்று பின்னால் ஓடவிட்டு, டிஸ்ஓன் என்று கைகழுவிவிடலாம். பெற்ற பிள்ளையைக் கைகழுவுகிற மாதிரிதான் பெயர், ஆனால் அதுதான் அதைக் காப்பாற்றும். திரையில் தொடர்ந்து எழுதுகிற வேலை என்றால் இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, டெர்மினல் போன பிறகு எழுதப் பார்த்துத் தடுக்கி விழலாம்.

உபுண்டு என்கிற லினக்ஸ் ஓடுகிற சர்வரை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு ஏற்றுகிற நிரல் இருக்கிறதே, அது எஸ்எஸ்எச் வழியாக ஓட்டினால் தானாகவே ஸ்கிரீனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டுதான் வேலையைத் தொடங்கும், இன்னொரு வழியாக 1022 என்ற போர்ட்டிலும் ஒரு கதவைத் திறந்து வைக்கட்டுமா என்று கேட்கும். எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பாதியில் அறுந்தால் சர்வர் நடுத்தெருவில் நிற்கும் என்று. ஆனால் தினசரி அப்டேட் போடுகிற சாதாரணக் கட்டளைக்கு அந்தக் கவனிப்பு கிடையாது, அங்கே நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அப்டேட் பாதியில் அறுந்து, அடுத்த முறை எதைத் தட்டினாலும் 'டிபிகேஜி (மென்பொருளை நிறுவுகிற நிரல்) இடையில் நிறுத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் திட்டுகிற சர்வரை ஒரு முறையாவது பார்க்காதவர் இந்தத் தொழிலில் இருக்க மாட்டார்.

இதில் வில்லங்கமும் இருக்கிறது, நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கு யாராவது என்னைத் திட்டுவார்கள்.

முதல் வில்லங்கம், சர்வரே அணைந்து எழுந்தால் செஷன் இருக்காது. டிமக்ஸ் இருப்பது நினைவகத்தில், வட்டில் இல்லை. இது தெரியாமல் ஒரு கடையின் வெப்சைட்டையே ஒருத்தர் ஸ்கிரீனுக்குள் ஓடவிட்டுப் போயிருந்தார், ஆள் யார் என்று சொல்ல வேண்டாம். அது பாட்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஒரு நாள் சர்வர் ரீபூட் ஆனது, வெப்சைட் வரவில்லை, எப்படித் தொடங்குவது என்று யாரிடமும் குறிப்பு இல்லை. அவர் என்ன தட்டினார் என்று பழைய கட்டளை வரலாற்றில் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போனது. எப்போதும் ஓட வேண்டியதை, லினக்ஸில் வேலைகளைத் தொடங்கி நிர்வகிக்கிற சிஸ்டம்டியிடம் ஒப்படைக்க வேண்டும், அது ரீபூட்டுக்குப் பிறகு தானே எழுப்பிவிடும். டிமக்ஸ், நாம் இருந்து கவனிக்க வேண்டிய, என்றைக்காவது முடிந்துபோகிற வேலைக்கு.

அந்தச் சிஸ்டம்டியுமே ஒரு முறை டிமக்ஸ் மேல் கை வைத்தது. 2016-ல் வந்த 230-ஆவது பதிப்பில், ஆள் லாகவுட் ஆனதும் அவர் விட்டுப்போன எல்லாவற்றையும் கொன்றுவிடு என்பதை வழக்கமான அமைப்பாக மாற்றினார்கள். விட்டுப்போவதற்காகவே இருக்கிற டிமக்ஸும் ஸ்கிரீனும் அதில் சேர்ந்து செத்தன. பெரிய சண்டை. டெபியன் உட்பட லினக்ஸ் வெளியிடுகிற பலர் அந்த அமைப்பை அணைத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால் புது சர்வர் கைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம், டிமக்ஸுக்குள் ஒன்றும் செய்யாத ஒரு வேலையைத் தூங்கவிட்டு, லாகவுட் செய்து, முகம் கழுவிவிட்டு வந்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் லாகின்சிடிஎல் என்ற கட்டளையில் லிங்கர் என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவிட்டு, அந்த ஆளின் பெயரிலேயே செஷன் ஓடும்படி செய்ய வேண்டும். இந்தச் சோதனை ஒரு நிமிடம், இதைச் செய்யாமல் ராத்திரி முழுக்க ஓட வேண்டிய வேலையை நம்பி விடாதீர்கள்.

இரண்டாவது, மறந்துபோன செஷன்கள். போன வருடம் ஒரு சர்வரைச் சுத்தம் செய்யும்போது பட்டியலைப் பார்த்தால் ஏழு மாதமாக ஒரு செஷன் திறந்து கிடக்கிறது, அதுவும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது சர்வரில் எதையும் செய்யலாம் என்கிற முழு அதிகாரத்தோடு. யார் திறந்தது? நான்தான். வாசல் கதவில் சாவியைத் தொங்கவிட்டுவிட்டு ஊருக்குப் போன மாதிரி. அந்த லாகின் யார் கையில் கிடைத்தாலும் ரூட் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே போயிருக்கலாம். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா சர்வரிலும் பட்டியலைப் பார்த்துத் தேவையில்லாததைக் கொன்றுவிடுகிறேன், வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்தோடு சேர்த்துப் பழகிக்கொண்டதால் மறப்பதில்லை.

அப்புறம், டிமக்ஸ் வழக்கமாக 2000 வரிதான் நினைவில் வைத்திருக்கும். ராத்திரி ஓடிய வேலை ஒரு லட்சம் வரி எழுதித் தள்ளியிருந்தால் தவறு நடந்த வரி மேலே போய் மறைந்திருக்கும். வேலையின் பேச்சை டீ என்ற கட்டளை வழியாக ஒரு ஃபைலிலும் சேர்த்து எழுதிவைத்தால் காலையில் படிக்கலாம். திடீரென்று திரை உறைந்துபோய் எதைத் தட்டினாலும் அசையவில்லை என்றால், செஷன் செத்துவிட்டது என்று ஜன்னலை மூடாதீர்கள், பெரும்பாலும் கை தவறி கண்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள், கண்ட்ரோல் க்யூ அழுத்தினால் ஓடும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒன்று. காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்திருப்பார்கள், வாலாஜா ரோடு தாண்டினால் சிக்னல் வரும், போகும், சோளிங்கர் பக்கம் சுத்தமாகப் போகும், அரக்கோணத்தில் வரும். ஒவ்வொரு முறையும் எஸ்எஸ்எச் அறுந்து, மறுபடி நுழைந்து, அட்டாச் செய்து என்று அலுத்துப்போகும். இதற்காகவே, எஸ்எஸ்எச் நூலுக்குப் பதிலாக மோஷ் என்று ஒன்று இருக்கிறது. 2012-ல் எம்ஐடியில் கீத் வின்ஸ்டைனும், நம் சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் வெளியிட்டது. போன் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும், சிக்னல் வந்ததும் தானாக விட்ட இடத்தில் வந்து நிற்கும். சர்வரில் 60000-லிருந்து 61000 வரை யுடிபி போர்ட்டுகளை, அதாவது நெட் நுழைகிற எண் போட்ட கதவுகளை, திறந்துவைக்க வேண்டும், சில ஆபீஸ்களில் அதை விட மாட்டார்கள். மோஷ் மட்டும் போதாது, மேலே போன வரிகளை அது காட்டாது, வேறு கணினியிலிருந்து வந்து ஒட்டவும் முடியாது, அதனால் மோஷுக்குள் டிமக்ஸ்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேலையைக் காப்பாற்றுவதுகூட இல்லை. ஒரே செஷனில் இரண்டு பேர் ஒட்டிக்கொள்ளலாம். அக்கா மகன் ஆரணியில், நான் இங்கே, இரண்டு பேருக்கும் ஒரே திரை. அவன் தட்டுவது எனக்குத் தெரியும், நான் தட்டுவது அவனுக்குத் தெரியும். அவன் தப்பாக எதையோ அழிக்கப்போனால் என்டர் தட்டுவதற்கு முன்னால் நான் கண்ட்ரோல் சி அழுத்திவிடுவேன். ஒரு நாள் அவன் திரையில் எழுத்து நகரவே இல்லை, உடனே போன் வந்தது, "இன்னா மாமா, அங்க கரண்ட் பூட்ச்சா?" என்று. போய்த்தான் இருந்தது. ஆனால் செஷன் மும்பையில் உயிரோடு இருந்தது, அவன் தனியாக மீதி வேலையை முடித்தான், நான் மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். பாடம் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல கரும்பலகை நான் பார்த்ததில்லை.

எங்கள் பழைய வடாற்காடு மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துபோனாலும் எல்லாவற்றிலும் பொறியியல் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் குறைவில்லை. அங்கே படித்துவிட்டு என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் மூன்று கணினி மொழி தெரியும் என்கிறார்கள், செயற்கை நுண்ணறிவு தெரியும் என்கிறார்கள். சர்வரில் ஒரு வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டு நான் வேண்டுமென்றே ரவுட்டரை அணைத்துவிடுவேன், அதுதான் என் நேர்காணல். இதுவரை ஒரே ஒரு பெண்தான் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒடுகத்தூர்ப் பிள்ளை. "உங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போகுமாம்மா?" என்று கேட்டேன். "தெனம் போகும் சார்" என்றது. அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் முதல் நாள் எஸ்எஸ்எச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் அதே நாளில் இந்த நாலு கட்டளையையும் சொல்லிக்கொடுத்துவிடலாம், தனிப் பாடத்திட்டம் எல்லாம் வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது இன்னும் சின்னது. 'நாளைய மின்தடை' பகுதிக்குக் கீழே விரலளவு இடம் எப்போதும் காலியாக இருக்கிறது, சில நாள் ஜோசியர் விளம்பரம் வருகிறது. 'சர்வரில் வேலை பார்ப்பவர்கள் டிமக்ஸுக்குள் தொடங்கவும்' என்று அதில் ஒரு வரி போடுங்கள். தெரியாதவர்கள் அது என்ன என்று யாரையாவது கேட்பார்கள்.

நாளைக்குக் காலை 9 மணியிலிருந்து என்று எங்கள் பகுதியின் பெயர் இன்றைய இதழில் வந்திருக்கிறது. ஆம்பூர்க் கடையின் முழு பேக்கப்பையும் வேறு சர்வருக்கு நகல் எடுக்கிற வேலை, நாளை மதியம்வரை போகும், சற்றுமுன் 'ஆம்பூர்' என்று செஷன் திறந்து ஓடவிட்டு, கண்ட்ரோல் பி, டி தட்டி, லேப்டாப்பை மூடிவிட்டேன். தொட்டி நிரம்பிவிட்டது. மாவு மட்டும் இன்னும் அரைக்கவில்லை, உள்ளேயிருந்து குரல் வருகிறது, இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.